ஆரியசாலைப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டரும்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு டியூட்டி முடிந்து தம்பானூரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஆரியசாலை முக்கில் டீக்கடை வாசலில் நமது அண்ணாச்சி ஒருவர் என்னை வழிமறித்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஊர். சாலைக் கம்போளத்தில் இருபது வருடமாகச் சுமட்டுத் தொழிலாளி. நீலச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. முழுக்க இங்கிலீசா இருக்கு. கையெழுத்துப் போடுன்னு ஒரு பையன் நிக்கான்."

தெரு விளக்கடியில் நின்று வாசித்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் பாடம் சொல்லித் தர ஒரு தனியார் கம்பெனி முன்வந்திருக்கிறது. ஒரு டேப் தருவார்களாம். அதில் எல்லாப் பாடமும் படமாக ஓடுமாம். மாதம் 2,000 ரூபாய் வீதம் 24 மாதத் தவணை. அதாவது 48,000 ரூபாய். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைத் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எழுத்தைப் படிக்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது.

"பிள்ளை எங்கே படிக்கிறாள், அண்ணாச்சி?"

"கவர்மெண்டு ஸ்கூல்லதான். அதாலதான யோசிக்கேன். பணம் கட்டிப் படிக்க புள்ளைங்கள்லாம் கம்ப்யூட்டர்ல படிக்குதாம். நம்ம புள்ள பின்னால போயிரக் கூடாதுல்லா?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒரு கேள்விதான். கேரளத்து அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அந்தப் பள்ளியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல், வெளியே கடன்பட்டு அதையே வாங்கப் போகும் தமிழ்த் தகப்பன் இவர் ஒருவர் மட்டுமல்ல. நமது ஆரியசாலையிலும் கரமனையிலும் வள்ளக்கடவிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். என்னுடன் வேலை செய்யும் கிளார்க்குகளிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றேன். அண்ணாச்சி ஒரு நாள் கூலியை விட்டார். நான் அரை நாள் லீவு போட்டேன். இருவருமாகப் போனோம்.

வகுப்பறையில் கண்டது

முதலில் பார்த்தது ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகை இருந்த இடத்தில் அது இப்போதும் இருக்கிறது. அதன் பக்கத்தில் வெள்ளைத் திரை. மேலே புரொஜெக்டர், மேசையில் லேப்டாப். கணக்கு டீச்சர் ஒரு வட்டத்தைத் திரையில் போட்டு, அதன் விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் வட்டத்தின் மேல் ஒரு புள்ளிக்குக் கோடு இழுத்திருந்தார். ஒரு பையனைக் கூப்பிட்டு அந்தப் புள்ளியை நகர்த்தச் சொன்னார். அவன் நகர்த்தினான். முக்கோணம் ஒல்லியானது, பருத்தது, சாய்ந்தது. ஆனால் அந்தப் புள்ளியில் இருந்த கோணம் மட்டும் 90 டிகிரியிலேயே நின்றது. பிள்ளைகள் "இன்னும் ஓரத்துக்குக் கொண்டு போடா" என்று கத்துகிறார்கள். ஓரத்துக்குப் போனாலும் 90தான்.

நான் பத்தாவது படித்த காலத்தில் இந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன். அது ஏன் உண்மை என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. எங்கள் பள்ளியிலும் அன்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஒரு தனி அறை, அறைக்கு ஒரு பூட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு துணி உறை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சாமி தரிசனம் போலத்தான். தொட்டதில்லை.

திரையில் கண்ட அந்தச் செயலிக்கு ஜியோஜீப்ரா என்று பெயர். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து கம்ப்யூட்டர் லேப். அங்கேதான் அண்ணாச்சியின் மகள் இருந்தாள். ஏழாம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் 2024-ம் ஆண்டு முதல் செயற்கை நுண்ணறிவு ஒரு பாடமாக வந்திருக்கிறது. மனித முகத்தைப் பார்த்து, அது மகிழ்ச்சியா, கோபமா, வருத்தமா என்று சொல்லும் ஒரு சின்னஞ்சிறு புரோகிராமைப் பிள்ளைகளே செய்ய வேண்டும். அந்த ஆண்டு கேரளம் முழுவதும் சுமார் 4 இலட்சம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படித்தார்கள்.

மகள் தகப்பனாரைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக் காமிராவுக்கு முன் உட்கார வைத்துவிட்டாள். மூட்டை சுமந்து கறுத்த முகம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் அவருக்குக் 'கோபம்' என்று போட்டது. வகுப்பே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். உடனே அது 'மகிழ்ச்சி' என்று மாற்றிப் போட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்போது மெஷின் ஒன்றும் சொல்லவில்லை, முகம் தெரியாததால்.

வெளியே வந்த பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. கிள்ளிப்பாலம் வந்ததும், "இதுக்குத் தனியா பீஸ் உண்டா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

துளசி மாடத்தில் முளைத்தது அல்ல

இது ஒரே நாளில் வந்ததல்ல என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லப்போனால் இதன் வேர் நமக்கு மிக அருகில், தும்பாவில் இருக்கிறது. 1963 நவம்பர் 21-ம் தேதி அந்த மீனவர் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அதற்கு வழிவகுத்த விக்ரம் சாராபாய், ராக்கெட்டைவிடப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசியவர். வானத்திலிருந்து டெலிவிஷன் மூலம் கிராமத்துக்குப் பாடம் இறக்க முடியும் என்று நம்பினார். 1971-ல் நமது கோவளத்திலேயே அவர் காலமானார். அவர் கனவு கண்ட பரிசோதனை 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நடந்தது. அமெரிக்காவிடம் செயற்கைக்கோளை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பாடமும் விவசாயச் செய்தியும் ஒளிபரப்பினார்கள். அந்த ஆறில் கேரளமும் இல்லை, தமிழகமும் இல்லை. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டது.

பிறகு 2004-ல் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை நாமே அனுப்பினோம். 2005 ஜூலையில், அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாம் திருவனந்தபுரம் வந்து, அதன் வழியாகப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்தும் விக்டேர்ஸ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ராமேசுவரத்தில் பிறந்து, தும்பாவில் தொழில் படித்த தமிழர் ஒருவர் கேரளப் பிள்ளைகளுக்கு அந்தத் திரையைத் திறந்து வைத்தார் என்பது நமக்குப் பெருமைதான். எடுசாட்டின் ஆயுள் பின்னால் முடிந்துவிட்டது, விக்டேர்ஸ் நிற்கிறது.

அதற்கு முன்பே, 2001-ல், கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதே ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் திருவனந்தபுரம் வந்து, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராமை யாரும் பூட்டி வைக்கக் கூடாது, வேண்டியவர் பிரதி எடுக்கலாம், திருத்தலாம் என்பது அவர் கட்சி. கேரளப் பள்ளிகள் அந்த வழியில் திரும்பின. ஒரு பள்ளிக்கு வாங்கினால் ஒரு லைசென்சு, ஆயிரம் பள்ளிக்கு வாங்கினால் ஆயிரம் லைசென்சு என்று கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டிய நிலை இல்லாமல் போனது. மிச்சமான பணம் மெஷின் வாங்கவும் வாத்தியார்களுக்குப் பயிற்சி தரவும் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். டிக்கெட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

2017-ல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-ல் 8 முதல் 12 வரையுள்ள 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் வேலை தொடங்கியது. அடுத்துச் சிறு பிள்ளைகளின் பள்ளிகளுக்கு லேப் வந்தது. 2020 அக்டோபரில், 16,027 பள்ளிகளுக்கு 3.74 இலட்சம் கருவிகள் கொடுத்தாயிற்று என்று அரசு அறிவித்தது. பத்தாம் வகுப்பில் 2025 முதல் ரோபோவும் பாடம்.

கவுண்டரில் நான் கற்றது

கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் நான் மகிழவில்லை. கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். 80,000 வாத்தியார்களுக்கு 2024-ல் செயற்கை நுண்ணறிவில் பயிற்சி என்று தீர்மானித்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1980-களின் பிற்பாதியில் ரயில்வே முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, இனிக் கிளார்க்குக்கு வேலை இல்லை என்று பயந்தார்களாம். என் தகப்பனார் காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கட்டணம் தலைகீழ்ப் பாடம். அட்டை டிக்கெட்டை எடுத்து, தேதி மெஷினில் ஒரு அடி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இன்று எனக்குக் கட்டணம் மனப்பாடமில்லை, மெஷின் சொல்கிறது. ஆனால் ஒரு பாட்டி வந்து, "மருமவ ஊருக்கு ஒரு டிக்கெட்டு, மலைப் பக்கத்துல இருக்கும், ரெண்டு வண்டி மாறணும்" என்றால் மெஷின் என்ன செய்யும்? நாலு கேள்வி கேட்டு, அது தென்மலையா, செங்கோட்டையா என்று கண்டுபிடிப்பது கவுண்டருக்குள் இருக்கும் மனிதன்தான். மெஷின் வந்தபின் என் வேலை குறையவில்லை, வேறாகிவிட்டது.

வகுப்பறையிலும் இதுவேதான். சுகதா மித்ரா என்ற பேராசிரியர், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் ஒரு பரிசோதனை செய்தார். தமிழ் மட்டுமே தெரிந்த சிறு பிள்ளைகள். ஒரு கம்ப்யூட்டரைப் பொது இடத்தில் வைத்து, உயிரணு சம்பந்தமான கடினமான ஆங்கிலப் பாடத்தை அதில் போட்டுவிட்டு, சொல்லித் தர ஆளே வைக்காமல் போய்விட்டார். சில மாதம் கழித்துப் பரீட்சை வைத்தார். பூஜ்யத்தில் இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 30 அளவுக்கு வந்திருந்தார்கள். பிறகு உள்ளூர்ப் பெண் ஒருவரை, அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது, பிள்ளைகளின் பின்னால் நிற்க வைத்தார். பாட்டி பேரனைத் தட்டிக் கொடுப்பது போல, "அடேயப்பா, இது எப்படி உனக்குத் தெரிந்தது?" என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. மார்க்கு 50 அளவுக்கு ஏறிவிட்டது.

இந்தப் பரிசோதனையைக் காட்டி வாத்தியாரே வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். பாடம் தெரியாத ஒரு பெண் பின்னால் நின்று பாராட்டினாலே இவ்வளவு ஏறுமானால், பாடமும் தெரிந்த ஒரு வாத்தியார் நின்றால் எவ்வளவு ஏறும்? 48,000 ரூபாய் டேப்பில் இல்லாத சமாச்சாரம் இதுதான். அது பிள்ளையையும் மெஷினையும் ஒரு மூலையில் தனியாக உட்கார வைக்கிறது.

2020-ன் அனுபவம்

கொரோனா காலத்தில் நாம் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. பள்ளி திறக்க வேண்டிய 2020 ஜூன் 1-ம் தேதி, பள்ளிக்குப் பதில் விக்டேர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பாடம் தொடங்கியது. டி.வி.யும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை என்ற நிலையில் மாநிலத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருப்பதாக அப்போது கணக்கெடுத்தார்கள். வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்தார்கள். பழைய செட்டுகளைச் சேகரித்துப் பலர் கொடுத்தார்கள்.

நமது சந்துகளில் நடந்ததை நானே பார்த்தேன். ஒரு வீட்டில் ஒரு போன். அது தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். சாயங்காலம் அவர் திரும்பி வந்தபின் அண்ணன், தங்கை, தம்பி மூவரும் முறை போட்டுப் பார்ப்பார்கள். மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து, கடை முதலாளியின் போனில் பாடம் கேட்ட பையனும் உண்டு. தும்மிக்கொண்டே கேட்பான். அவன் இப்போது ப்ளஸ் டூ.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம். சேனலில் வந்த டீச்சர்கள் மலையாளத்தில் பேசினார்கள். பேச்சு நம் பிள்ளைகளுக்குப் புரியும், சாலைத் தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள்தானே. ஆனால் திரையில் எழுதிக் காட்டும்போது எழுத்து புரியாது. கையில் இருக்கும் புத்தகத்தில் 'ஒளிச்சேர்க்கை', திரையில் 'பிரகாச சம்ச்லேஷணம்'. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? பின்னர் தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடங்கள் தயாரித்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன கம்ப்யூட்டர் பாடப் புத்தகங்களும் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வருகின்றன. இன்னொரு மாநிலத்தில் சிறுபான்மையாக வாழும் நமக்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைத் தமிழில் அச்சடித்துத் தரும் அரசை நாம் பாராட்டாமல் இருக்கக் கூடாது.

ஆனால் பாராட்டிவிட்டுக் கேட்க வேண்டியதையும் கேட்க வேண்டும். மலையாளத்தில் கிடைக்கும் வீடியோப் பாடங்களின் அளவுக்குத் தமிழில் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு முதல் நடக்கிறது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களில் கட்டம் போட்ட க்யூ.ஆர். கோடு இருக்கிறது. செல்போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். அனைத்தும் தமிழில், அனைத்தும் இலவசமாக. களியக்காவிளையில் செக்போஸ்டு உண்டு. யூ டியூபுக்கு ஏது செக்போஸ்டு?

பாடத்திட்டம் வேறு என்பார்கள். சரி, வரலாறு வேறாக இருக்கலாம். இலை வெயிலில் உணவு சமைப்பதும், நியூட்டனின் ஆப்பிள் கீழே விழுவதும் பாறசாலைக்கு இப்பால் ஒன்றும் அப்பால் ஒன்றுமாகவா இருக்கிறது? கேரளத் தமிழ் வழிப் பாடங்களில் எதற்குத் தமிழ்நாட்டின் எந்த வீடியோ பொருந்தும் என்று இரு மாநிலக் கல்வித் துறையும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டால் போதும். புதிதாகப் படம் எடுக்கக்கூட வேண்டாம். அரசுகள் செய்யும்வரை காத்திருக்காமல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் திருவனந்தபுரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களே ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆங்கிலம் அடிக்கிறார்கள், மலையாளம் அடிக்கிறார்கள். தமிழ் அடிக்கச் சொன்னால், 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து மெஷின் மாற்றித் தரட்டும் என்று காத்திருக்கிறார்கள். 1999-லேயே தமிழக அரசு 'தமிழ்99' என்று ஒரு விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. இடது கையில் உயிர், வலது கையில் மெய். ஒரு வாரப் பழக்கம் போதும். நான் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது அதில்தான். சாலையில் தமிழுக்கென்றே அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கும், தமிழ்ப் பிரிவு உள்ள மற்றப் பள்ளிகளிலும், லேப் நேரத்தில் வாரம் அரை மணி இதற்கு ஒதுக்கக் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் அமைப்பு 2018 முதல் 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். அனிமேஷன், ரோபோ, செய்தித் தயாரிப்பு என்று பலதும் சொல்லித் தருகிறார்கள். 2022-ல் இந்தப் பிள்ளைகளே தாய்மார்களை அழைத்து, செல்போனில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று வகுப்பு நடத்தினார்கள். ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் போன் வந்தால் சொல்லக் கூடாது என்பதை, எட்டாம் வகுப்புப் பெண் தன் தாய்க்குச் சொல்லித் தருவது சின்ன விஷயமா? நமது வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டிலேயே போகவில்லை. நோட்டீசு மலையாளத்தில் இருந்ததால் யாரும் வாசிக்கவில்லை. பையன் பையிலேயே அது கசங்கிக் கிடந்தது.

சுமை தூக்குகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. எறணாகுளம் ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த ஒருவர், நிலையத்தில் கிடைத்த இலவச வைஃபையில் பாடத்தைப் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தலையில் பெட்டியோடு நடந்துகொண்டே கேட்டார். 2018-ல் கேரளத் தேர்வாணைய எழுத்துத் தேர்வில் தேறினார். புத்தகம் வாங்கவில்லை, டியூஷன் போகவில்லை. ரயில்வேக்காரன் என்பதால் இதை நான் நாலு பேரிடம் கூடுதலாகவே சொல்லித் திரிகிறேன்.

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் கோட்டைக்குள் எழுந்தருளுகிறாள். வேளிமலை குமாரசுவாமி நமது ஆரியசாலை அம்மன் கோவிலுக்கே வந்து தங்குகிறார். விஜயதசமியன்று அரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதற்கு விடியுமுன் வரிசையில் நிற்கிறோம். அந்த ஒரு நாள் காட்டும் அக்கறையில் கால்வாசியை, வருடத்தில் மூன்று முறை நடக்கும் பி.டி.ஏ. கூட்டத்துக்குக் காட்டினால் எவ்வளவோ நடக்கும்.

இதில் பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பி.டி.ஏ. கூட்டத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு வைக்கிறார்கள். லாரி வந்து நிற்கும் நேரம் அது. கம்போளத்தில் வேலை செய்யும் தகப்பன் எப்படி வருவான்? ஹோட்டலில் இலை போடுகிறவன், லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன் எப்படி வருவான்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்து, நோட்டீசைத் தமிழிலும் ஒரு பக்கம் அடித்தால், ஆரியசாலையே வந்து பெஞ்சில் உட்காரும். திரையில் அந்த முக்கோணத்தை ஒரு முறை போட்டுக் காட்டினாலும் போதும்.

அண்ணாச்சி அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, வீட்ல இருந்தா மறுபடி ஆசை வரும்" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். என் மேசை டிராயரில் கிடக்கிறது. அன்று பள்ளியை விட்டுக் கிளம்பும்போது, வந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டை டீச்சர் நீட்டினார். எனக்கு முன்னால் அவர் பேனாவை வாங்கி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.